மலைக் கிராமத்தின் கழிவுநீரை அதன் கடினமான வாரத்தைக் கொண்டு அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆல்ப்ஸ் மலைப்பகுதி பற்றித் தமிழ் இதழ்களில் வெளிவரும் பயணக் கட்டுரைகள், அங்குள்ள ஓடைகளின் தெளிவையும் ஏரிகளின் நீலத்தையும் இயற்கை தந்த கொடையாக மட்டுமே எழுதிச் செல்வதை நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். அந்தத் தெளிவு ஒரு காலத்தில் பல இடங்களில் கெட்டுப்போயிருந்தது. சட்டத்தாலும், மக்கள் செலுத்திய கட்டணத்தாலும், மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய்களாலும், அவற்றை நாள்தோறும் பராமரிக்கும் தொழிலாளர்களாலும் அது மீட்டெடுக்கப்பட்டது. மீட்பு வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. எஞ்சியிருப்பதில் மிகக் கடினமான பகுதி சிறிய மலைக் கிராமங்களில்தான் இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனிச்சறுக்குப் பருவம் உச்சத்தில் இருந்தபோது, சுவிட்சர்லாந்தின் செர்மாட் என்னும் புகழ்பெற்ற மலையூரில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம். 400-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், மூவர் உயிரிழந்தனர். நோய்க்கிருமி உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், விடுமுறை முடிந்து வீடு திரும்பிய பிறகே பலருக்குத் தாம் எதைச் சுமந்து வந்தோம் என்று தெரிந்தது. செல்வம் கொழிக்கும் ஒரு நாட்டின் புகழ்பெற்ற ஊரிலேயே இப்படி நடந்தது. 1965-இல் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரின் கழிவுநீர் மட்டுமே சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சென்றது. நீர்ப்பாதுகாப்புக்கான அரசியலமைப்புப் பிரிவு 1953-லேயே வந்துவிட்டபோதிலும், 1971-இல் சட்டம் கடுமையாக்கப்பட்டு, கட்டுமானத்துக்கு அரசு பெருந்தொகை ஒதுக்கிய பிறகே நிலைமை மாறியது. இன்று அந்த விழுக்காடு 97-ஐத் தாண்டிவிட்டது. பிரான்சின் ஆனெசி ஏரிக்கரையில் இந்த விழிப்பு முன்னதாகவே ஏற்பட்டது. 1957-இல் ஏரியைச் சுற்றியிருந்த ஊராட்சிகள் ஒரே கூட்டமைப்பாக இணைந்து, ஏரியில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் கலக்காதபடி கரையைச் சுற்றிலும் குழாய் பதிக்க முடிவெடுத்தன. இன்று ஐரோப்பாவின் தூய ஏரிகளுள் ஒன்றாக அது பேசப்படுவதற்கு அந்த முடிவே காரணம்.

97 விழுக்காடு என்று கேட்டவுடன் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றுவது இயல்பு. குழாயில் இணைக்கப்பட்டிருப்பது வேறு, ஆண்டின் எல்லா நாட்களிலும் நன்றாகச் சுத்திகரிக்கப்படுவது வேறு. பெருநகரத்தின் நிலையத்துக்கு நேற்று வந்த அளவே ஏறத்தாழ இன்றும் வரும். மலைக் கிராமத்தில் அப்படியில்லை. 400 பேர் நிரந்தரமாக வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களிலும் பிப்ரவரி மாதப் பள்ளி விடுமுறையிலும் விடுதிகளும் விடுமுறை வீடுகளும் நிரம்பி, அங்கே 3,000 பேர் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனிதர் ஒருவரின் ஒரு நாள் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 60 கிராம் ஆக்சிஜன் தேவை என்பது துறையில் நிலைபெற்ற கணக்கு. நவம்பரில் நாளொன்றுக்கு 24 கிலோ சுமையைத் தாங்கிய நிலையத்தின் வாசலில், டிசம்பர் இறுதியில் 180 கிலோ வந்து நிற்கிறது. இடையில் இருப்பது சில வாரங்கள்தான்.

இந்தப் பளு ஏறும் அதே நாட்களில் மேலும் இரண்டு சிக்கல்கள் சேர்கின்றன. முதலாவது குளிர். கழிவிலுள்ள அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் இயல்பாகவே மெதுவாகப் பெருகுபவை. நீரின் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் அவற்றின் வளர்ச்சி வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. விடுமுறைக் கூட்டம் வந்துவிட்டது என்பதற்காக அவை ஒரே வாரத்தில் ஏழு மடங்காகப் பெருகிவிடுவதில்லை. இரண்டாவது, ஓடையின் வறட்சி. சமவெளி ஆறுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம்: உயர்மலை ஓடை கோடையில் பெருகுகிறது, குளிர்காலத்தில் மெலிகிறது. பெய்வதெல்லாம் பனியாக மலைமேலேயே தங்கிவிடுகிறது, பனியாறுகளும் உருகுவதில்லை. ஜூலையில் பாறைத்துகள் கலந்து சாம்பல் நிறத்தில் இரைந்து ஓடிய அதே ஓடை, ஜனவரியில் பனிக்கட்டிக்கு அடியில் நூலாக ஊர்கிறது. செயற்கைப் பனி தூவுவதற்கு எடுக்கப்படும் நீரும் பல பள்ளத்தாக்குகளில் இந்த ஓடைகளிலிருந்தே வருகிறது. ஆக, கழிவு மிகுதியாக வரும்போது அதைச் சிதைக்கும் உயிர்கள் மந்தமாகவும், ஏற்றுக்கொள்ளும் நீர் மிகக் குறைவாகவும் இருக்கின்றன.

இதன் விளைவைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. நிலையத்தின் வெளியேற்றுக் குழாய்க்கு மேலே, ஓடையிலிருந்து உள்ளங்கை அளவுள்ள ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும், தட்டையான உடலும் இரட்டை வாலும் கொண்ட கல்லீப் பூச்சிகளின் இளம்புழுக்கள் வெளிச்சம் பட்டதும் விலகி ஓடும். குழாய்க்குச் சற்றுக் கீழே இன்னொரு கல்லைத் திருப்புங்கள்: நிலையம் திணறிய குளிர்காலமாயிருந்தால், கல்லின் மேற்பரப்பில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற வழுவழுப்பான படலமும், அடியில் ஆக்சிஜன் அற்றுப்போனதைக் காட்டும் கரிய இரும்புச் சல்பைடுத் திட்டுகளும் இருக்கும். அந்தப் பூச்சிகளைக் காணமுடியாது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்த ஓடைகளில் வாழும் பழுப்பு டிரவுட் மீன்கள் இலையுதிர்காலத்தின் இறுதியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடுகின்றன. முட்டைகள் வசந்தம் வரை அங்கேயே கிடந்து, கற்களுக்கிடையே ஊடுருவும் ஆக்சிஜன் நிறைந்த நீரால் உயிர்வாழ்கின்றன. நுண்துகள்களும் இந்தப் படலமும் அந்த இடைவெளிகளை அடைத்துவிட்டால், வசந்தத்தில் பனி உருகி ஓடையைக் கழுவும்போது காப்பாற்றுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. குளிர்நீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை குறைவு என்று சொல்லப்படுவது உண்மைதான்; ஆனால் அது மூச்சுத் திணறும் முட்டைக்கு ஆறுதலாகாது.

எனவே, மலைக் கிராமத்தின் நிலையத்தை ஆண்டுச் சராசரியைக் கொண்டும் பதிவேட்டிலுள்ள மக்கள்தொகையைக் கொண்டும் மதிப்பிடுவது தவறு. ஆண்டின் மிகக் கடினமான வாரத்தைக் கொண்டே அதைக் கட்டவும், கண்காணிக்கவும், அதற்கான கட்டணத்தைப் பகிரவும் வேண்டும் என்பதே என் கருத்து. இது புரட்சிகரமான கோரிக்கை அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நகர்ப்புறக் கழிவுநீர்ச் சட்டநெறி, ஓர் ஊரின் சுமையைக் கணக்கிடும்போது, கனமழை போன்ற அசாதாரண நிலைகளை நீக்கிவிட்டு, ஆண்டில் நிலையத்துக்கு வரும் வாராந்திரச் சராசரிகளில் மிக உயர்ந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. அதே சட்டநெறி, 2,000 முதல் 9,999 பேருக்குச் சமமான சுமையுள்ள நிலையங்களில் முதல் ஆண்டு 12 மாதிரிகளும், அவை விதிக்குட்பட்டிருந்தால் அடுத்தடுத்த ஆண்டுகளில் 4 மாதிரிகளும் எடுத்தால் போதும் என்கிறது. கட்டுவதற்குக் கடினமான வாரத்தைக் கணக்கில் கொண்ட சட்டம், சோதிப்பதற்கு அதைக் கட்டாயமாக்கவில்லை. நான்கு மாதிரிகளும் மார்ச், ஜூன், செப்டம்பர், நவம்பர் என்று ஏறத்தாழச் சீரான இடைவெளியில் அமைந்தால், புத்தாண்டு வாரத்தில் ஓடை எப்படி இருந்தது என்பது எந்த அறிக்கையிலும் வராது. அறிக்கை பொய் சொல்வதில்லை என்றாலும், கேட்க வேண்டிய நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை என்பதே உண்மை.

கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலுள்ள உயர்மலைப் பகுதிகளில், குளிரின் காரணமாக உயிரியல் சுத்திகரிப்பு கடினம் என்பதால், சூழலுக்குக் கேடில்லை என்று விரிவான ஆய்வு காட்டுமானால், குறைந்த தரத்திலான சுத்திகரிப்பை அனுமதிக்கலாம் என்றும் அந்தச் சட்டநெறி சலுகை தந்தது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் உறுப்பினர் அன்று. அங்கும் அமோனியத்துக்கான வரம்பு, கழிவுநீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும்போதே பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. குளிரின் இயல்பை ஒப்புக்கொள்ளும் இந்த விதிகளை நான் குறை கூறவில்லை. முடியாததைச் சட்டத்தில் எழுதுவதால் பயனில்லை. ஆனால் சலுகை என்பது வெப்பத்தைப் பாதுகாக்க எதுவும் செய்யாமலிருப்பதற்கான உரிமையாக மாறிவிடக் கூடாது. தொட்டிகளை மூடுவதாலும், நிலையத்தை மண்ணுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ அமைப்பதாலும், குழாய்களை உறைநிலை எட்டாத ஆழத்தில் பதிப்பதாலும் சில டிகிரிகளைக் காப்பாற்ற முடியும். மேலே சொன்ன கணக்கின்படி, அந்தச் சில டிகிரிகளே பாக்டீரியாவின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

வெப்பத்தைத் திருடும் இன்னொன்று, வரக்கூடாத தூயநீர். ஆல்ப்ஸ் கிராமங்களின் நடுவில், குடைந்த மரத்தாலோ கல்லாலோ ஆன தொட்டியில் ஊற்றுநீர் இரவும் பகலும் விழுந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகான வழக்கம், ஆனால் அந்தத் தொட்டியிலிருந்து வழியும் நீர் எங்கே போகிறது என்று கேட்பவர் அரிது. பழைய ஊர்கள் பலவற்றில் அது நேராகக் கழிவுநீர்க் குழாயில் இணைக்கப்பட்டிருந்தது. சில இடங்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. வினாடிக்கு அரை லிட்டர் விழும் ஒரே தொட்டி, நாளொன்றுக்கு 43,000 லிட்டருக்கும் மேல் பனிக்குளிர்ச்சியான தூயநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் தள்ளுகிறது. ஏப்ரலில் பனி உருகும்போது விரிசல் விட்ட குழாய் இணைப்புகள் வழியே நிலத்தடி நீரும் உட்புகுகிறது. குளிர்ந்தும் நீர்த்தும் வரும் அந்தக் கழிவில் நுண்ணுயிர்களுக்கு உணவும் குறைவு, வெப்பமும் குறைவு, தங்கும் நேரமும் குறைவு. புதிய சுத்திகரிப்புத் தொட்டி கட்டக் கோடிகளைத் தேடுவதற்கு முன், இந்த ஊற்றுத் தொட்டிகளின் வடிகாலைப் பிரித்து ஓடையில் விடுவதே எந்தக் கிராமத்துக்கும் மலிவான முதல் வேலை. இதைச் சொன்னால் சிறு வேலையாகத் தோன்றுகிறது. பட்டியலிட்டுச் செய்து முடித்த ஊராட்சிகள் குறைவு.

கோடையில் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. மேய்ச்சல் நிலங்களில் பாலாடைக்கட்டி செய்யும் குடில்களில், பத்து லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கட்டி கிடைக்கிறது. எஞ்சுவது சுமார் ஒன்பது லிட்டர் பால்தெளிநீர். அந்தத் தெளிநீரில் ஒரு லிட்டரைச் சிதைக்கக் குறைந்தது 30 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நாளுக்கு 500 லிட்டர் பால் காய்ச்சும் ஒரு குடில் தன் தெளிநீரைக் குழாயில் ஊற்றினால், 200-க்கும் மேற்பட்டோர் புதிதாகக் குடிவந்ததற்குச் சமம். நல்ல வேளையாக மலைமக்கள் தொன்றுதொட்டுப் பன்றிகளை வளர்த்து, அவற்றுக்கே அதைத் தீனியாக்கி வந்திருக்கிறார்கள். எந்தப் பொறியாளரும் இதைவிடச் சிறந்த வழியை இதுவரை தந்துவிடவில்லை. கணிசமான கால்நடை உள்ள பண்ணைகள் தங்கள் வீட்டுக் கழிவுநீரைச் சாணக்கரைசலுடன் சேர்த்து வயலுக்கு உரமாக இடச் சுவிஸ் சட்டம் அனுமதிப்பதும் இதே அறிவின் தொடர்ச்சிதான்.

விடுதிச் சமையலறைகளைப் பற்றியும் இங்கே எழுத வேண்டும். சுவிட்சர்லாந்தின் மலையூர் விடுதிகளிலும் உணவகங்களிலும் பணிபுரியும் தமிழர்கள் ஏராளம். இந்த மடலை வாசிப்போரிலும் சிலர் இருக்கக்கூடும். பொரித்த எண்ணெயும் உருகிய பாலாடைக்கட்டியின் கொழுப்பும் சூடாக இருக்கும்வரை நீராய் ஓடும். குளிர்ந்த குழாயில் சில மீட்டர் போனதும் மெழுகாய்ப் படியும். கொழுப்புப் பிரிப்பானை உரிய காலத்தில் காலி செய்யாமல் விடும் விடுதியின் கொழுப்பு, விடுமுறை நெரிசலின் நடுவே குழாயை அடைக்கிறது. அல்லது நிலையத்துக்குப் போய், ஏற்கெனவே திணறும் நுண்ணுயிர்களின் மேல் போர்வையாய்ப் படிகிறது. பிரிப்பானைக் காலி செய்யும் செலவு முதலாளியுடையது. அது நிரம்பிவிட்டது என்பதை முதலில் காண்பவர் பாத்திரம் கழுவுபவர். அவர் அதைச் சொல்லவும், சொன்னால் செவிமடுக்கப்படவும் வேண்டும்.

எந்தத் தொழில்நுட்பம் சிறந்தது என்று கேட்போருக்கு ஒரே விடை இல்லை. இடம் இருக்கும் சிற்றூருக்கு நாணல் படுகை நல்லது. திரையில் வடிகட்டிய கழிவுநீரை முதல்நிலைச் சுத்திகரிப்பு இல்லாமல் நேராக நாணல் வளரும் சரளைப் படுகையில் விடும் முறையைப் பிரான்சில் ஆயிரக்கணக்கான சிற்றூர்கள் பயன்படுத்துகின்றன. வழக்கமாக ஓர் ஆளுக்கு 2 சதுர மீட்டர் போதும், குளிர்ப்பகுதியில் கூடுதலாக வேண்டும். மேலே மூடும் பனியும் காய்ந்த நாணலும் படுகையை உறையாமல் காக்கின்றன. மேற்பரப்பில் சேரும் கசடைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றினால் போதும் என்பது, குளிர்காலத்தில் லாரி ஏற முடியாத ஊருக்குப் பெரிய வசதி. செங்குத்தான சரிவில் இடமில்லாத ஊர்கள், பாதி நீரிலும் பாதி காற்றிலும் மெல்லச் சுழலும், நுண்ணுயிர்கள் ஒட்டி வளரும் வட்டுகளையோ, மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு வடிகட்டிகளையோ நாடுகின்றன. செர்மாட்டின் நிலையம் பாறையைக் குடைந்த குகைக்குள் அமைந்திருக்கிறது. சவ்வு முறையை ஏற்றுக்கொண்டதால் அதே குகைக்குள் கூடுதல் சுமையைச் சமாளிக்க முடிகிறது. சவ்வு மின்சாரத்தையும் தேர்ச்சி பெற்ற ஆளையும் கேட்கும் என்பதால், சிறு கிராமத்துக்கு அதை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன்.

பள்ளத்தாக்கிலுள்ள பெரிய நிலையத்துக்குக் குழாய் இறக்கி, ஊரின் சிறு நிலையத்தை மூடிவிடுவது இன்று பரவலாகி வருகிறது. நிலச்சரிவும் பனிச்சரிவும் குழாயை அறுக்காத பாதை கிடைக்குமானால், பெரும்பாலான ஊர்களுக்கு இதுவே சரியான வழி என்று கருதுகிறேன். ஊரின் உச்சச் சுமை, பல ஊர்களின் சுமையோடு கலந்து தணிகிறது. கண்காணிக்க முழுநேர ஊழியர் இருக்கிறார். கீழே ஓடும் ஆற்றில் நீரும் அதிகம். உயரம் சில வேளைகளில் வருமானமாகவும் மாறுகிறது: வெர்பியே என்னும் பனிச்சறுக்கு ஊரின் கழிவுநீர், சுமார் 450 மீட்டர் கீழிறங்கி, பள்ளத்தாக்கு நிலையத்துக்குள் நுழையுமுன் ஒரு விசையாழியைச் சுழற்றி மின்சாரம் தருகிறது.

இனி, செலவு யாருடையது என்னும் கேள்வி. மாசுபடுத்துவோரே செலவை ஏற்க வேண்டும் என்பது சுவிஸ் நீர்ப்பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. ஆனால் கட்டணத்தைப் பயன்படுத்திய நீரின் கன அளவைக் கொண்டு மட்டும் விதித்தால், ஆண்டில் இரண்டு வாரம் வந்துபோகும் விடுமுறை வீட்டுக்காரர் மிகச் சிறிய தொகையே செலுத்துவார். ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் விவசாயியும் ஆசிரியரும், தமக்குத் தேவைப்படாத பெரிய தொட்டிக்குக் காலமெல்லாம் பணம் கட்டுவார்கள். நாங்கள் இரண்டு வாரம்தானே இருக்கிறோம் என்று வீட்டு உரிமையாளர்கள் சொல்வதுண்டு. அந்த இரண்டு வாரத்துக்காகத்தான் தொட்டி அவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. எனவே, கட்டணத்தின் பெரும்பகுதி, வீட்டின் கொள்ளளவை ஒட்டிய நிலையான அடிப்படைக் கட்டணமாக இருப்பதே நியாயம். விடுமுறை வீடுகள் ஊரின் மொத்த வீடுகளில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்னும் கோரிக்கையைச் சுவிஸ் மக்கள் 2012 மார்ச் 11 அன்று வாக்கெடுப்பில் ஏற்றார்கள். ஏற்கெனவே கட்டப்பட்டவை நிற்கத்தான் செய்கின்றன. மருந்து எச்சங்கள் போன்ற நுண்மாசுகளை நீக்க 2016 முதல் நாடு முழுவதும் ஆளுக்கு ஆண்டுதோறும் 9 பிராங்க் வரை திரட்டப்பட்டு, அந்தப் பணியை மேற்கொள்ளும் நிலையங்களுக்குப் பகிரப்படுகிறது. அந்தப் பொதுநிதி பெரும்பாலும் சமவெளியின் பெரிய நிலையங்களுக்கே பயன்படுகிறது. ரைன், ரோன், இன், போ ஆகிய ஆறுகள் எல்லாம் இந்த மலைகளில்தான் தொடங்குகின்றன என்றால், அவற்றின் தலைமடையில் இருக்கும் கிராமத்தின் உச்சச் சுமைக்கும் அத்தகைய பொதுநிதி ஏன் இருக்கக் கூடாது?

பராமரிப்பாளரைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. சிறு கிராமத்தில் சுத்திகரிப்பு நிலையத்துக்கென்று தனி ஊழியர் இருப்பதில்லை. பனி அகற்றும் வண்டியை ஓட்டுபவர், தெருவிளக்கைப் பார்ப்பவர், கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பவர் எல்லாம் ஒருவரே. நிலையமும் அவர் பொறுப்பில்தான். இரவெல்லாம் பனி பெய்த காலையில் அவர் முதலில் வண்டியை எடுத்துச் சாலையைத் திறந்தாக வேண்டும். அன்றைக்குத்தான் ஊரும் நிரம்பியிருக்கிறது. அன்றைக்குத்தான் யாரோ கழிப்பறையில் போட்ட ஈரத் துடைப்புத்தாள்கள் கயிறாகத் திரிந்து பம்பை நிறுத்துகின்றன. உச்ச வாரங்களில் அவருக்கு உதவியாக, பக்கத்து ஊர்களோடு பகிர்ந்துகொண்டாவது, பயிற்சி பெற்ற இரண்டாவது ஆளை அமர்த்துவது எந்த இயந்திரத்தைவிடவும் முதன்மையானது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய புதிய சட்டநெறி, கடமைகள் தொடங்கும் எல்லையை 2,000-லிருந்து 1,000 பேருக்குச் சமமான சுமையாகக் குறைத்திருக்கிறது. ஆஸ்திரியா, இத்தாலி, பிரான்சு ஆகியவற்றின் பல மலைக் கிராமங்கள் வரும் ஆண்டுகளில் புதிய திட்டங்களைத் தீட்ட வேண்டிவரும். சுவிட்சர்லாந்தில் இத்தகைய கட்டுமானத்துக்கான கடனை ஊராட்சி மக்களே பொதுக்கூட்டத்திலோ வாக்குச்சீட்டிலோ அங்கீகரிக்கிறார்கள். குடியுரிமை பெற்ற நம்மவர் பலருக்கும் அந்த வாக்குரிமை உண்டு. அத்தகைய திட்டம் உங்கள் ஊரில் முன்வைக்கப்படும்போது, மொத்தச் செலவைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மூன்றைக் கேளுங்கள்: எந்த வாரத்தின் சுமைக்காக இது கணக்கிடப்பட்டது, அந்த வாரத்தில் மாதிரி எடுக்கப்படுமா, அதன் முடிவு ஊர்மக்களுக்கு வெளியிடப்படுமா. இவற்றுக்கு எழுத்தில் விடை தரும் திட்டத்துக்கு, விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், வாக்களியுங்கள் என்று தங்கள் நாளிதழின் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வாலிஸ் மாநிலம், சுவிட்சர்லாந்து